கறுப்பு டெலிபோனுக்குப் புது வாழ்வு

பழைய சாமான் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஈயம் போன பித்தளை அண்டா, கால் ஆடுகிற முக்காலி, தாத்தா காலத்து வால்வு ரேடியோ... இங்கிலாந்தில் இந்த வரிசையில் இன்னொன்றும் சேரும். விரலை விட்டுச் சுழற்றுகிற டயல் டெலிபோன்! அதைத் தேடிப் பிடித்து, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, துடைத்து, மறுபடியும் மணி அடிக்க வைப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். ஆண்கள்தான் அதிகம். ஆனால் கிட்டே போய்ப் பார்த்தால் பாதி வேலை நம் அடுக்களை வேலைதான். தேய்ப்பது, துடைப்பது, உலர்த்துவது, பொறுமையாக உட்கார்ந்திருப்பது. இதெல்லாம் நமக்குத் தெரியாததா என்ன?

நாங்கள் இருப்பது நாட்டிங்காம் பக்கம். அடுத்த ஊரான பீஸ்டனில் எரிக்ஸன் டெலிபோன் தொழிற்சாலை பல காலம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே 'கார் பூட் சேல்' என்று ஒன்று கூடும். வீட்டில் வேண்டாத சாமான்களைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து மைதானத்தில் கடை பரப்புவார்கள். நம் ஊர் சந்தைதான், பேரமும் உண்டு. என் முதல் டெலிபோனை அங்கேதான் வாங்கினேன். கும்பகோணத்துக்குப் பேசும்போது அம்மாவிடம் சொன்னேன். "ஏண்டி, அவங்க வேண்டாம்னு கழிச்சுப் போட்டதை நீ காசு குடுத்து வாங்கறியா? மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லலையா?" என்றாள். மாப்பிள்ளைதான் பேரம் பேசினார் என்பதை நான் சொல்லவில்லை!

அம்மாவுக்குப் புரியாத காரணம் ஒன்று உண்டு. என் சின்ன வயதில் எங்கள் தெருவுக்கே இரண்டு டெலிபோன்தான். எதிர்வீட்டு மாமி வீட்டு நம்பரை, பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டு, எல்லா உறவுக்காரர்களுக்கும் கொடுத்து வைத்திருந்தோம். சித்திக்குப் பிரசவம் ஆன செய்தி அந்தக் கறுப்புப் பெட்டியில்தான் வந்தது. நம் நாட்டு டெலிபோன்களைச் செய்த பெங்களூர் ஐ.டி.ஐ. 1948ல் ஆரம்பித்தது, லிவர்பூல் நகரத்துக் கம்பெனி ஒன்றோடு செய்துகொண்ட தொழில்நுட்ப ஒப்பந்தத்தின் பேரில். நம் ஊர் மணி இரண்டிரண்டாக 'ட்ரிங் ட்ரிங்' என்று அடிப்பதும் பிரிட்டிஷ் வழக்கம்தான். அதனால் இங்கே சந்தையில் ஒரு கறுப்பு டெலிபோனைப் பார்த்ததும் ஊர்க்காரரைப் பார்த்தது போலத்தான் இருந்தது.

வீட்டில் இருக்கும், வீட்டுக்காரருடையது அல்ல!

பிரிட்டனில் 1912ல் டெலிபோன் சேவை அநேகமாக முழுவதும் தபால் இலாகாவின் கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏறக்குறைய எழுபது வருஷம், வீட்டில் இருக்கும் டெலிபோன் அந்த வீட்டாருக்குச் சொந்தமில்லை. வாடகைதான். காலி செய்யும்போது இலாகா ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார். 1981ல் சட்டம் மாறி, டெலிபோன் இலாகா தனியாகப் பிரிந்த பிறகுதான் ஜனங்கள் கடையில் தங்களுக்குப் பிடித்த டெலிபோனை வாங்கி, புது மாதிரி பிளக்கில் சொருகிக்கொள்ள முடிந்தது.

இந்தச் சமாசாரத்தை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பழைய டெலிபோன்கள் இத்தனை கெட்டியாக இருப்பதற்கே இதுதான் காரணம். ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்ததைக் கழற்றி, சுத்தம் செய்து, தேய்ந்த பாகத்தை மாற்றி, புதுக் கயிறு போட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆகவே ஒட்டுவது என்ற பேச்சே கிடையாது. எல்லாம் திருகாணி. ரிப்பேர் செய்வதற்கென்றே செய்த சாமான். இப்போது வருகிற மிக்ஸியைத் திறந்து பார்க்க முடிகிறதா, சொல்லுங்கள்.

நாம் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயரும் தேதியும் வெட்டி வைக்கிற மாதிரி, இதன் பாகங்களில் மாதிரி எண்ணையும் வருஷத்தையும் பதித்திருப்பார்கள். பேசும் கைப்பிடியில் '164' என்று இருக்கும். அது கைப்பிடியின் எண். கூடவே வருஷம். கைப்பிடியில் 1957, டயலில் 1952, அடிப்பாகத்தில் 1948 என்று ஒரே டெலிபோனில் மூன்று வருஷம் கிடைக்கும். எல்லாம் ஒரே வருஷமாக இருந்தால்தான் மதிப்பு என்று சில சேகரிப்பாளர்கள் பாகம் பாகமாகத் தேடி அலைகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது ஊர் சுற்றி உழைத்த கதைதானே அந்தக் கலப்பு? அதை ஏன் அழிக்க வேண்டும்?

எத்தனை மாதிரி!

1929ல் வந்தது 162ஆம் எண் டெலிபோன். கோபுரம் மாதிரி சரிந்து ஏறும் உடம்பு, உச்சியில் கைப்பிடி. பார்க்க அழகோ அழகு. ஆனால் அதற்குள் மணி கிடையாது! சுவரில் தனியாக ஒரு மணிப்பெட்டி மாட்ட வேண்டும். அதே உருவத்தில் பிறகு வந்தது 232. நாம் பேசுவது நம் காதிலேயே உரக்கக் கேட்கிற தொந்தரவை அதில் குறைத்திருந்தார்கள்.

1937ல் வந்த 332தான் எனக்குப் பிடித்தது. மணி உள்ளேயே இருக்கும். நார்வே தேசத்து ஓவியர் ழான் ஹெய்பெர்க் 1930களின் தொடக்கத்தில் எரிக்ஸன் கம்பெனிக்காக வரைந்த உருவத்தை ஒட்டியது. அடியில், முன்பக்கம் இழுக்கிற மாதிரி தட்டையாக ஒரு சின்ன டிராயர். அதில் ஓர் அட்டையைச் சொருகி, அடிக்கடி கூப்பிடும் நம்பர்களை எழுதி வைத்துக்கொள்ளலாம். என்னிடம் உள்ள ஒன்றில் அந்த அட்டை அப்படியே இருந்தது. பென்சிலில் ஒரு பெண் கையெழுத்து. டாக்டர், இறைச்சிக் கடை, நிலக்கரிக்காரர், பள்ளிக்கூடம். டாக்டர் நம்பருக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு. சின்னக் குழந்தை இருந்த வீடு போலிருக்கிறது.

1959ல் வந்த 706ம், 1967ல் வந்த 746ம் பிளாஸ்டிக் காலத்தவை. சுருள் கயிறு, பல நிறம், குறைந்த எடை. இவை சல்லிசாகவே கிடைக்கும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இவற்றில் கை பழகுவது நல்லது.

விலை நிறத்தைப் பொறுத்தது. பேக்கலைட் என்பது, லியோ பேக்லண்ட் 1907ல் கண்டுபிடித்த செயற்கைப் பொருள். இயல்பிலேயே அது கறுப்பு, பழுப்பு போன்ற கருத்த நிறங்களுக்குத்தான் ஒத்துவரும். சிவப்பு, பச்சை, தந்த நிறத்துக்கு வேறு வகைப் பிளாஸ்டிக் வேண்டியிருந்தது. செய்ததும் குறைவு. ஆகவே கறுப்பு ஒன்றை வாங்கும் பணத்தைப் போலப் பல மடங்கு கொடுத்தால்தான் ஒரு பச்சை 332 கிடைக்கும். நல்ல நிலையில் இருந்தால் பல நூறு பவுன். நமக்குக் கறுப்பே போதும்!

ஒரு எச்சரிக்கை. பித்தளையும் மரமுமாகப் பளபளவென்று 'ராஜா காலத்து டெலிபோன்' என்று விற்பதில் பெரும்பாலானவை அண்மையில் செய்த அலங்காரப் பொருள்கள். நம் நாட்டிலிருந்தும் நிறைய வருகின்றன! அசலைக் கண்டுபிடிக்க ஒரு வழி: கறுப்பு உடம்பைக் கட்டை விரலால் சூடேறும்வரை தேயுங்கள். உடனே முகர்ந்து பாருங்கள். பேக்கலைட்டாக இருந்தால் பினாயில் மாதிரி ஒரு நெடி வரும். அப்புறம், மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே போல விரல் மடக்கித் தட்டுங்கள். கணீரென்று வராமல் 'பொத்' என்று வந்தால் எங்கேயோ விரிசல் இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

டயலுக்குள் என்ன இருக்கிறது?

இதில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் டயல்தான். தையல் மிஷினின் பாபின் கூட்டைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வித்தை அல்ல. விரலால் சுற்றும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. விட்டதும் அது திரும்பி வரும் வழியில், டெலிபோன் கம்பியில் ஓடும் மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்துகிறது. 1 என்றால் ஒரு தடவை, 5 என்றால் ஐந்து தடவை, 0 என்றால் பத்து தடவை. எக்ஸ்சேஞ்ச் இயந்திரம் அதை எண்ணிக்கொள்ளும். வினாடிக்குப் பத்துத் துடிப்பு என்பது கணக்கு. அவசரமாகச் சுற்றினாலும் நிதானமாகச் சுற்றினாலும் டயல் தன் வேகத்தில்தான் திரும்பும். அதற்காகவே உள்ளே குட்டிக் குண்டுகள் வைத்த வேகக் கட்டுப்பாடு ஒன்று சுழல்கிறது. வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரிந்து, கிண்ணத்தில் உரசித் தடுக்கும். 0 சுற்றி விட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு வினாடிக்குச் சற்றே கூட ஆனால் டயல் ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம்.

டயலில் எண்ணோடு ஆங்கில எழுத்தும் உண்டு. லண்டன் மாதிரிப் பெரிய நகரங்களில் எக்ஸ்சேஞ்ச் பெயரின் முதல் மூன்று எழுத்தைச் சுற்ற வேண்டும். 1936 ஜூலையில் லண்டனில் 'பேசும் கடிகாரம்' வந்தபோது, 'டி, ஐ, எம்' என்று சுற்றினால் ஒரு பெண் குரல் மணி சொல்லும். எதெல் கெய்ன் என்ற டெலிபோன் ஆபரேட்டரைப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குரலை நாடெல்லாம் கொண்டாடியது. அதே காலத்தில் அரசாங்க இலாகாக்களில் கல்யாணமான பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்று விதி. 1946ல்தான் அதை எடுத்தார்கள். குரல் வேண்டும், குடும்பஸ்திரீ வேண்டாம்! என்ன நியாயமோ.

999 என்ற அவசர எண்ணின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். அக்கம்பக்கத்தில் ஒருவர் தீயணைப்புப் படையைக் கூப்பிட முயன்றபோது, எக்ஸ்சேஞ்சில் மற்ற அழைப்புகளோடு வரிசையில் காத்திருக்க நேர்ந்தது. அவர் கோபத்தோடு பத்திரிகைக்கு எழுதினார். விசாரணை நடந்தது. 1937 ஜூன் 30ஆம் தேதி லண்டனில் 999 வந்தது. ஏன் 9? இருட்டிலும் புகையிலும்கூட டயலின் தடுப்புக் கம்பியைத் தடவிப் பிடித்துவிடலாம். அதை அடுத்த துளை 0, அதற்கு அடுத்தது 9. கண் தேவையில்லை, விரல் போதும். 111 வைத்திருந்தால் காற்றில் கம்பிகள் ஒன்றோடொன்று பட்டாலே தப்பாக அழைப்பு போயிருக்கும்.

சுத்தம் செய்வது எப்படி?

முதல் வேலை, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுவது. மணி அடிக்கும்போது கம்பியில் வருகிற மின்சாரம் நன்றாகவே உதறும். அடுத்தது, கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிறக் கம்பி எந்த ஆணியில் என்று எழுதி வையுங்கள். திருகாணிகளை நான் அஞ்சறைப்பெட்டியில் போட்டு வைப்பேன். கடுகுக் கிண்ணத்தில் டயல் ஆணி, மிளகுக் கிண்ணத்தில் மணி ஆணி! (மசாலா போடும் பெட்டி இல்லை, அதற்கென்று தனிப் பெட்டி.)

வெறும் கூட்டை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் தேய்க்கும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம். ஊற வைக்கக் கூடாது. கொதிநீர், ப்ளீச், சபீனா மாதிரிப் பொடி எதுவும் கிட்டே வரக் கூடாது. உடனே துடைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயில் பேக்கலைட்டின் மெருகைக் கெடுக்கும்.

பிறகுதான் மெருகு. நம் பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடுகிற பிராஸோதான் இங்கேயும் பலருடைய கைமருந்து. பழைய மல் வேஷ்டித் துணியில் கொஞ்சம் எடுத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். துணியில் பழுப்பாக ஒட்டும். பயப்படாதீர்கள், வெயிலும் காற்றும் பட்டு மங்கிப்போன மேல்தோல் அது. அடியிலிருந்து பளபளப்பு எழும்பி வரும். ஒரு கூட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். நான் சீரியல் பார்த்துக்கொண்டே தேய்ப்பேன். கடைசியில் கொஞ்சம் மெழுகுப் பாலிஷ். எண் எழுதிய எனாமல் தகட்டுக்கு மட்டும் பிராஸோ வேண்டாம், ஈரத் துணி போதும். எழுத்து போய்விட்டால் திரும்ப வராது.

டயலில் எண்ணெய் விடுவது பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தபால் இலாகாவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவர் ஊசி முனையில் எடுத்த ஒரு துளியை அச்சில் மட்டும் வைப்பார். குண்டுகள் உரசுகிற கிண்ணத்தில் எண்ணெய் பட்டால் வேகக் கட்டுப்பாடு வழுக்கிவிடும், டயல் தறிகெட்டு ஓடும்.

கைப்பிடியின் இரண்டு முனையிலும் மூடியைத் திருகித் திறக்கலாம். காதுப் பக்கம் மெல்லிய இரும்புத் தகடு ஒன்று காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நெம்பி எடுக்காமல் பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள். வளைந்தால் குரல் கரகரக்கும். வாய்ப் பக்கம் கரித்தூள் நிரப்பிய டப்பி இருக்கும். நாம் பேசும்போது அந்தத் தூள் நெருங்கியும் விலகியும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் தூள் இறுகிவிடும். உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினால் அநேகமாகப் பேச்சு வந்துவிடும். வாய் படுகிற மூடியை மட்டும் சோப்புத் தண்ணீரில் தனியாக, நன்றாகக் கழுவுங்கள். எத்தனை பேருடைய மூச்சுக்காற்று! அந்தக் காலத்தில் அலுவலகங்களுக்கு வந்து டெலிபோனைக் கிருமிநாசினியால் துடைத்துவிட்டுப் போவதையே வேலையாகச் செய்த பெண்கள் இங்கே இருந்தார்கள்.

பழுப்பு நிறப் பின்னல் கயிறு அழகாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே உள்ள ரப்பர் உதிர்ந்துபோயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதே மாதிரி புதுக் கயிறு விலைக்குக் கிடைக்கிறது. பழைய கயிற்றைக் கத்தரித்து எறியாதீர்கள், பையில் போட்டு டெலிபோனோடு வையுங்கள். டயல் நடுவில் பழைய நம்பர் எழுதிய காகிதம் இருந்தால் அதையும் தொட வேண்டாம்.

குழந்தை உள்ள வீட்டில்

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பேக்கலைட்டை உப்புத்தாளால் தேய்க்கவோ ரம்பத்தால் அறுக்கவோ கூடாது. அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. சில பழைய கலவைகளில் ஆஸ்பெஸ்டாஸும் சேர்த்திருக்கிறார்கள். பழைய பற்றுவைப்பில் ஈயம் உண்டு. வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையில் இந்த வேலையே வேண்டாம்.

1960களில் 'ட்ரிம்போன்' என்று ஒல்லியாக, ஒய்யாரமாக ஒன்று வந்தது. மணிக்குப் பதிலாகக் குருவி மாதிரிக் கூவும். இருட்டில் டயல் ஒளிர்வதற்காக ட்ரிட்டியம் என்ற கதிரியக்க வாயு அடைத்த சின்னக் கண்ணாடிக் குழாயை அதில் வைத்தார்கள். ட்ரிட்டியம் சுமார் 12 வருஷத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறையும். ஆகவே இன்று மிச்சம் கொஞ்சம்தான். ஆனாலும் அந்தக் குழாயை உடைக்கவோ, குழந்தை கையில் கொடுக்கவோ வேண்டாம். நான் அதை வாங்குவதே இல்லை.

இனி மணி அடிக்குமா?

பிரிட்டனில் பழைய செப்புக்கம்பி டெலிபோன் வழியையே மூடிக்கொண்டு வருகிறார்கள். 2025 கடைசியில் முடிப்பதாக இருந்ததை 2027 ஜனவரி வரை தள்ளி வைத்தார்கள். இனி பேச்செல்லாம் இன்டர்நெட் பெட்டி வழியாக. இந்தப் புதுப் பெட்டிகளில் பலவற்றுக்கு டயலின் துடிப்பை எண்ணத் தெரியாது. மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம், ஆனால் சுற்றினால் எங்கேயும் போகாது! செப்புக்கம்பி இருந்தவரை டெலிபோனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும். வீட்டில் கரண்ட் போனாலும் டெலிபோன் உயிரோடிருக்கும். இன்டர்நெட் பெட்டிக்கோ கரண்ட் போனால் உயிர் போச்சு. வேறு போன் வழியில்லாதவர்கள், கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர உதவியைக் கூப்பிட முடிய வேண்டும் என்று இங்கே விதி உண்டு. அதற்குப் பாட்டரி தருவார்கள், ஆனால் கேட்டால்தான்.

எங்கள் அடுத்த வீட்டுப் பாட்டிக்கு வயது எண்பதுக்கு மேல். தனியாக இருக்கிறார். கண் மங்கல், விரல் மூட்டெல்லாம் வீக்கம். செல்போனின் வழவழத்த கண்ணாடி அவருக்குப் பிடிபடவே இல்லை. கூடத்தில் உள்ள பச்சை நிற 746ல்தான் எல்லாம். துளையில் விரலை விட்டுத் தடவியே எந்த நம்பரையும் சுற்றிவிடுவார். போன வருஷம் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து வழியை மாற்றினார். மணி அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் பாட்டி வாசலில் வந்து நின்றார். "போன் செத்துப்போச்சு, சுற்றினால் ஒன்றும் கேட்கவில்லை" என்றார். போய்ப் பார்த்தேன். மகளையும் கூப்பிட முடியாது, 999ஐயும் கூப்பிட முடியாது. ஒரு ராத்திரி முழுக்க அப்படி இருந்திருக்கிறார்.

இதற்கு ஒரு மாற்றுப்பெட்டி கிடைக்கிறது. உள்ளங்கை அகலம்கூட இல்லை. டெலிபோனுக்கும் இன்டர்நெட் பெட்டிக்கும் நடுவில் மாட்டினால், டயலின் துடிப்பை எண்ணி, புதுப் பெட்டிக்குப் புரிகிற ஓசையாக மாற்றி அனுப்பும். என் கணவர் தருவித்து மாட்டினார். டயலைக் கழற்றித் துடைத்து, வேகம் சரிபார்த்துக் கொடுத்தது என் வேலை. கம்பெனிக்கு நானே எழுதிப் பாட்டரிக்கும் ஏற்பாடு செய்தேன். கயிறு கொஞ்சம் பிரிந்திருந்தது, அதையும் மாற்றியாச்சு.

இப்போது காலை ஒன்பதரைக்குப் பாட்டி தன் மகளுக்கு டயல் செய்கிறார். பாட்டரிப் பெட்டியில் விளக்கு எரிகிறதா என்று மாதம் ஒரு தடவை நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.